எனக்கென்று ஒரு விருந்தாளி

யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே அதை நான் முதுகில் சுமந்திருக்கிறேன். கோட்டாற்றில் ஒரு புகையிலைக் கடையில் எனக்கு மூட்டை இறக்குகிற வேலை. யாழ்ப்பாணப் புகையிலை ஓலைப்பாயில் கட்டிய சிப்பங்களாகத் தூத்துக்குடியில் இறங்கி லாரியில் எங்கள் கடைக்கு வரும். ஒரு சிப்பத்தைத் தோளில் ஏற்றினால் அதன் காரம் மூக்கில் ஏறித் தொண்டைக்குள் இறங்கிவிடும். அன்றைக்குச் சாப்பிடுகிற சோற்றிலும் அதே வாடைதான்.

நான் ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவன். அம்மா போன பிறகு வீடு அண்ணனுடையதாயிற்று. அண்ணன் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் சுமந்தேன். குளிர்காய்ச்சல் கண்டு திரும்பினேன். தேங்காய்ப்பட்டணத்தில் மீன் கூடை தூக்கினேன். ஓரிடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கால் நிற்காது. புகையிலைக் கடையில் மட்டும் கொஞ்சம் நிலைத்தேன். படுக்கை கடைக்குப் பின்னால் காலிச் சாக்கு அடுக்கின்மேல். எலி உண்டு, மழை ஒழுகாது.

கடை முதலாளிதான் எங்கள் ஊர் வாசகசாலைக்குத் தலைவர். சுதந்திரம் வந்த புதிதில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த ஊர்க்காரர்கள் விளைவிக்கிறார்கள், நம் ஊரார் வாயில் போட்டு மெல்லுகிறார்கள், அப்பன் காலத்திலிருந்து கொடுக்கல் வாங்கல், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இது என்ன உறவு என்று கேட்டார். சிப்பம் அனுப்புகிற ஊரிலும் ஒரு வாசகசாலை இருந்தது. இரண்டு வாசகசாலைகளும் எழுதிப் பேசி, இரண்டு ஊரும் இனிச் சகோதர ஊர்கள் என்று முடிவு செய்தன. முதலில் நாங்கள் அங்கே போவது, பிறகு அவர்கள் இங்கே வருவது என்று ஏற்பாடு.

ஊரில் வசதியுள்ள ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். வழியில் மண்டபம் முகாமில் இறக்கி ஊசி போடுவார்கள் என்று கேட்டதும் ஒரு வாத்தியார் பின்வாங்கிவிட்டார். முதலாளி என்னைப் பார்த்து, "நீ வாலே. பெட்டி தூக்கவும் ஆச்சு, வழியில கஞ்சி வைக்கவும் ஆச்சு" என்றார். அப்படித்தான் எனக்குப் பெர்மிட் கிடைத்தது.

திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து ரயில். மண்டபத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற ஜனங்களோடு எங்களையும் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்க வைத்தார்கள். முதலாளிக்கு அது பெரிய அவமானம். எனக்கு ஒன்றுமில்லை, வரிசையில் நின்று பழகியவன். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் மாறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டேஷனில் மாலையோடு நின்றார்கள். நான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். என் வயதுள்ள ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். என் தலையிலிருந்த பெட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"உம்மை எனக்குத்தான் தந்திருக்கினம்" என்றான்.

விருந்தாளிகளை வீட்டுக்கு ஒருவராக முன்னமே பிரித்து வைத்திருந்தார்கள். வாத்தியாருக்கென்று வைத்த வீடு எனக்கு விழுந்திருந்தது. இவன் நம் வேலைக்காரன், எங்கேயாவது முடங்கிக்கொள்வான் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். கடல் தாண்டி வந்தவர் எல்லோரும் விருந்தாளிதான் என்று அவர்கள் முடித்துவிட்டார்கள்.

என் பெட்டியை வாங்கிக்கொண்டவனுக்குச் சின்னப் புகையிலைத் தோட்டம். வீட்டில் அவனும் அவன் அக்காவும்தான். அக்கா புருஷனை இழந்தவர். வாய் நீளம். முதல் நாள் பிட்டு வைத்துக்கொண்டே என் வீட்டில் யார் யார் என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். யார் சோறு போடுவது என்றார். கடையில் என்றேன். எங்கே படுக்கை என்றார். சாக்கின்மேல் என்றேன். அவர் என் தட்டில் இன்னும் இரண்டு பிடி பிட்டு வைத்துவிட்டு, "புகையிலைக்கு ஓலைப்பாய் சுத்தி அனுப்புறம். உமக்கு ஒரு பாய் இல்லையோ?" என்றார்.

மற்றவர்கள் கோட்டையையும் கடற்கரையையும் பார்க்கப் போனபோது நான் அவனோடு தோட்டத்தில் நின்றேன். சும்மா இருக்க எனக்கு வராது. அங்கே ஆறில்லை, கால்வாயில்லை. சிவந்த மண்ணில் ஆழக் கிணறு. கிணற்று மேலே நீளமான துலா மரம். ஒருவர் அந்த மரத்தின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கீழே நிற்பவர் வாளியைக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் அப்படித்தான் போனது. நான் இரண்டு நாள் துலா மிதித்தேன். தொடை கல்லாகிவிட்டது.

எங்கள் நாஞ்சில் நாட்டில் பேச்சிப்பாறைத் தண்ணீர் மலையிலிருந்து புறப்பட்டுக் கால்வாய் வழியாக வயலுக்குத் தானே வரும், மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டுப் படுத்துத் தூங்கலாம் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் நம்பவில்லை. கதை விடுகிறேன் என்றான். பிறகு, வேலை செய்துகொண்டே, அந்தக் கால்வாய் எவ்வளவு அகலம், கோடையிலும் ஓடுமா, யார் காவல் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நான் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன்.

"நாங்கள் உங்கட ஊருக்கு வரேக்க அதில ஒருக்கா இறங்கி நிக்க வேணும்" என்றான். "ஆனா உம்மட்டத்தான் தங்குவன்."

"எனக்க கூடயா? எலி காலக் கடிக்கும்."

"கடிக்கட்டும். சாக்கெண்டா சாக்கு."

அவனுக்கு அது பேச்சோடு பேச்சு. எனக்கு அப்படி இல்லை. அதுவரை நான்தான் மற்றவர்கள் வாசலில் போய் நின்றிருக்கிறேன். என்னைப் பார்ப்பதற்கென்று ஒரு மனிதர் கிளம்பி வந்ததில்லை. அண்ணன்கூட வந்தது கிடையாது. அன்றைக்கு அவன் சொன்ன பிறகு, அவர்கள் நம் ஊருக்கு வருவது என்பது எனக்கு வாசகசாலைக் காரியமாக இல்லாமல் போயிற்று. அவன் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அவர்கள் ஊர்க் கோயிலில் திருவிழா. அன்று பின்னேரம் வாசகசாலையில் கூடி, அவர்கள் எப்போது எங்கள் ஊருக்கு வருவது என்று முடிவு செய்வதாகத் திட்டம். காலையில் எங்களையெல்லாம் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். யார் என்ன ஆட்கள் என்று எங்களை அவர்கள் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பது போதுமாயிருந்தது. அவர்கள் ஊர்க்காரர்கள் சிலர் மட்டும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரியாத விஷயமா அது?

வாசலில் ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். நானும் சட்டையைக் கழற்றினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

எங்கள் வீட்டார் அய்யா வழிக்காரர்கள். எங்கள் வழிபாட்டிடத்தைத் தாங்கல் என்போம். ஆண்கள் தலைப்பாகை கட்டாமல் தாங்கலுக்குள் போக மாட்டார்கள். ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது, தோளில் கிடப்பதையும் பெரியவர்களைக் கண்டால் கக்கத்தில் ஒடுக்க வேண்டும் என்றிருந்தது. அந்தத் துண்டைத் தலையில் கட்டி நிமிர்ந்துதான் சாமி முன்னால் நிற்க வேண்டும் என்பது எங்கள் வழி. சின்ன வயதிலிருந்து கை அப்படியே பழகிவிட்டது. சாமி என்றால் துண்டு தலைக்குப் போகும். நான் வேறு பெரிய கோயில்களுக்குள் போனவனும் அல்ல.

கோயில் தர்மகர்த்தா, நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர், என்னிடம் வந்தார்.

"தலையில காயமோ?"

"இல்ல."

"அப்ப உதைக் கழட்டும். இது சந்தையில்லை."

நான் கையைத் தூக்கினேன். கை துண்டுவரை போயிற்று. கழற்ற வரவில்லை. வீம்பு என்று பிறகு சொன்னார்கள்; வீம்பு இல்லை. சாமிக்கு முன்னால் வைத்துக் கழற்று என்று ஒருவர் சொல்லக் கழற்றுவது எனக்குத் தெரியாத வேலை. திரும்பி வெளியே வந்து கிணற்றடியில் நின்றேன்.

முதலாளி பின்னாலேயே வந்தார். அவர் வேளாளர், கோயில் வழக்கம் அறிந்தவர். "லே, துண்டக் களத்துனா தலையும் கூடவா போயிரும்? இனி அவியொ நம்ம ஊருப் பக்கம் வருவாவளா? எல்லாத்தயும் ஒண்ணுமில்லாம ஆக்கிட்டியே மக்கா" என்றார். ஏசினால்கூடத் தாங்கியிருப்பேன். மக்கா என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் வாசகசாலைக்கும் தலைவர் அந்தத் தர்மகர்த்தாதான், பின்னேரம் முடிவு சொல்ல வேண்டியவர் அவர் என்பது எனக்கும் தெரியும்.

அப்போது அவன் வெளியே வந்தான். என் பக்கத்தில் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான். அவனை உள்ளே கூப்பிட்டார்கள், போகவில்லை. அன்றைக்கு மணி அடிக்க வேண்டியவன் அவன்; அவன் வராததால் பூசையில் ஒரு குழப்பம் ஏற்பட்டு, தர்மகர்த்தாவும் இன்னும் சிலரும் வாசலுக்கு வந்தார்கள். விருந்தாளியை வெளியில் விட்டுவிட்டுத் தான் உள்ளே நிற்பது எப்படி என்று அவன் கேட்டான். வழக்கத்தை மாற்ற முடியாது என்றார் அவர். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. அது எனக்குச் சண்டையைவிடப் பயமாக இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா வந்தார். கையில் பூத்தட்டு.

"ஏன் இஞ்ச நிண்டு இழுபடுறியள்? அவர் கழட்டேலாதெண்டா உள்ளுக்கு வர வேண்டாம். சாமி பின்னேரம் றோட்டால வரும்தானே. றோட்டில தலைப்பா கட்டக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

தர்மகர்த்தா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்கு நடந்தேன். அவன் கூடவே வந்தான். வழியில் அவன் பேசியதெல்லாம் கால்வாயைப் பற்றித்தான்.

பின்னேரம் சாமி வீதிக்கு வந்தது. வீட்டுக்கு வீடு வாசல் படலையில் நிறைகுடம் வைத்திருந்தார்கள். குடம் வைத்த இடத்தில் சாமி நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்கா தம் வாசலில் வைத்த குடத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். நான் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். முன்னால் தர்மகர்த்தா நடந்து வந்தார். எங்கள் வாசலில் நிறுத்தாமல் போய்விடுவாரோ என்று இருந்தது. நிறுத்தினார். தீபாராதனை ஆனது. விபூதித் தட்டை வாங்கி அவரே என்னிடம் நீட்டினார். எடுத்தேன். எங்கள் வழக்கப்படி நெற்றியில் கீழிருந்து மேலாக ஒரே கோடாக இழுத்துக்கொண்டேன். அதையும் அவர் பார்த்தார். சாமி அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

வாசகசாலைக் கூட்டத்தில் என்னை முதலாளிக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். தர்மகர்த்தா என்னை எழுப்பி, ஏன் அப்படிக் கட்டினீர் என்று கேட்டார். மேலே எழுதியதைத்தான் சொன்னேன், இவ்வளவு ஒழுங்காக அல்ல. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "கோயிலுக்குள்ள நான் விடேல்லை. நாளைக்கு வந்தாலும் விடமாட்டன். அது வேற. ஊரெண்டா கோயில் மட்டும் இல்லை." அடுத்த புகையிலை விற்று முடிந்ததும் தாங்கள் வருவது என்று அவரே முடிவு சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பாமலேயே என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

ஊர் திரும்பியதும் நான் சாக்கு அடுக்கை விட்டேன். வடசேரிச் சந்தைக்குப் பின்னால், எண்ணெய்ச் செக்குக்கு எதிரே, ஓடு போட்ட ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். இரண்டு பாய், ஒரு செம்பு, ஒரு சட்டி, வெளியே குளிக்க ஒரு கல். கோட்டாற்றில் சிப்பம் இறக்கிவிட்டு நடந்தே வந்து அங்கே படுப்பேன். மூன்று மாதம் தாண்டியது, ஆறு மாதம் தாண்டியது, நான் எங்கும் போகவில்லை. கேள்விப்பட்டு அண்ணனே வந்துவிட்டார். அறையைச் சுற்றிப் பார்த்து, "ஏலே, பொண்ணு வல்லதும் பாத்து வச்சிருக்கியா?" என்றார். விருந்தாள் வருது என்றேன். எங்கிருந்து என்றார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முதல் வருஷம் அங்கே மழை பிந்திப் புகையிலை கெட்டுப்போயிற்று என்று தகவல் வந்தது. அடுத்த வருஷம் பெர்மிட் கிடைக்கவில்லை என்றார்கள். அதற்கடுத்தும் ஏதோ ஒன்று. இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று எங்கள் தாலுகாக்களில் கூட்டமும் ஊர்வலமுமாகக் கிடந்தது; கடைகள் அடைத்துக் கிடந்த நாட்கள் அதிகம். அடைத்த நாட்களில் நான் அறையைக் கழுவிவிடுவேன். வேறு என்ன வேலை? இரண்டாவது பாயைப் பூச்சி அரித்துவிட, புதிதாக வாங்கி வைத்தேன்.

கடைசியில் ஒருநாள் வருகிறார்கள் என்று முதலாளி சொன்னார். நான் ஆரல்வாய்மொழிவரை போய்விட்டேன். அவர்களை ஏற்றி வந்த பஸ்ஸை எல்லைச் சுங்கச் சாவடியில் நிறுத்திப் பெட்டிகளைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பஸ்ஸைச் சுற்றினேன். ஐந்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். அவன் இல்லை. முன் சீட்டில் தர்மகர்த்தா இருந்தார். என்னை உடனே கண்டுகொண்டார்.

"அவன் வரேல்லை" என்றார். "வன்னியில காணி குடுக்கிறாங்கள். காடு வெட்டப் போயிட்டான். தமக்கையும் கூடப் போயிட்டாள்."

எப்போது திரும்புவான் என்று கேட்டேன்.

"என்னத்துக்குத் திரும்புறான்? அங்க குளத்துத் தண்ணி வாய்க்காலால தானா வருமாம், துலா மிதிக்கத் தேவையில்லையாம். நீர் சொல்லிவிட்ட கதைதான். அதைக் கேட்ட நாளில இருந்து அவனுக்கு எங்கட மண் பிடிக்கேல்லை."

பஸ்ஸில் எனக்கு இடமிருந்தது, உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன்.

முதலாளி தம் மாடியில் தர்மகர்த்தாவுக்கு மெத்தை போட்டு வைத்திருந்தார். பெரியவர் வடசேரியில் இறங்கியதும் பெட்டியை என்னிடம் நீட்டினார். இந்தப் பெடியனுக்கு ஒருத்தரும் வரவில்லையே, வராதவனுக்குப் பதில் நான் இவனிடம் தங்குகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

அவர் சுலபமான விருந்தாளி அல்ல. விடியுமுன் சந்தை வண்டிகள் போடுகிற சத்தத்தில் தூக்கமில்லை என்றார். செக்குப் புண்ணாக்கு நாறுகிறது என்றார். நான் வைத்த குழம்பில் தேங்காய் கூட என்றார். ஆனால் மீதம் வைக்கவில்லை. குளிக்க வெந்நீர் வேண்டும். பூசை செய்ய ஓர் இடம் வேண்டும். என் சட்டியையும் விறகையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மூலையைக் காலி பண்ணிக் கொடுத்தேன். ஊரையெல்லாம் முதலாளியோடு பார்த்துவிட்டு, சாயங்காலமானால் என் அறைக்கு வந்துவிடுவார். ஒருநாள் அவரைக் கால்வாய்க்குக் கூட்டிப்போனேன். கரையில் நின்று வெகு நேரம் பார்த்தார். "ஓம், ஓடுதுதான்" என்றார்.

அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. ஆள் வந்திருக்கிறார், என் பாயில் படுத்திருக்கிறார், நான் கேட்டது கிடைத்துவிட்டது. இருந்தாலும் மனம் அங்கே வன்னிக் காட்டில் அவன் வெட்டுகிற மரத்தடியிலேயே நின்றது. பெரியவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவனைப் பற்றி நான் கேட்கக் கேட்க, எத்தனை முறை கேட்டாலும், சலிக்காமல் பதில் சொன்னார்.

புறப்படும்போது, அவனைக் கண்டால் உம்மட இடத்தை என்னவென்று சொல்ல என்று கேட்டார். வடசேரிச் சந்தைக்குப் பின்னால், செக்குக்கு எதிரே என்றேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெர்மிட் இறுகிவிட்டது. வாசகசாலையிலும் பழைய ஆட்கள் விலகினார்கள். நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று வடசேரியில் வாணம் விட்டார்கள். நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். என் கால் பழைய கால்தான். புனலூருக்கும் மதுரைக்கும் வேலை தேடிப் போனேன், மாசக்கணக்கில் இருந்தேன். ஆனால் அறையை விடவில்லை. போகும்போதெல்லாம் சாவியைச் செக்குக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது என்னைத் தேடி வந்தால் திறந்து உள்ளே இருக்கச் சொல்லுங்கள், எனக்கு ஒரு கார்டு போட்டால் எங்கிருந்தாலும் மறுநாளே புறப்பட்டு வந்துவிடுவேன் என்று சொல்வேன். அவர் ஒவ்வொரு தடவையும், ஆளுக்கு என்ன அடையாளம் என்று கேட்பார். எலி கடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லுகிற ஆள் என்பேன்.